பழைய ஆர்.சி. விமானம்: ஃபோமா, பால்சாவா?

முதல் ஆர்.சி. விமானத்தை, அதாவது ரேடியோ ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தை, பழையதாகவே வாங்கலாம் என்று தேடியபோது கடைசியில் இரண்டு நின்றன. மூன்று செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் பறக்கும் ஃபோம் டிரெய்னர் (பறக்கவிடப் பழகுவதற்கான விமானம்) ஒன்று. 40 சைஸ் கிளோ என்ஜின் (எரிபொருளில் ஓடும் குட்டி என்ஜின்) பூட்டிய, பால்சா மரத்தில் செய்த டிரெய்னர் ஒன்று. நான் எடுத்தது ஃபோம். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பறப்பதில் பால்சாவுக்குத்தான் மதிப்பெண். எடை இருப்பதால் காற்றில் அவ்வளவாக அலைக்கழியாது. என்ஜின் சத்தம் தனி சுகம். அதெல்லாம் சரி. பழசு வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, முந்தைய சொந்தக்காரர் அதை என்ன பாடு படுத்தினார் என்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்றுதான்.

ஃபோமில் தெரிந்துவிடும். மூக்கு இடித்திருந்தால் சுருக்கம் விழுந்திருக்கும், இறக்கை மடங்கியிருந்தால் கோடு, உடைந்திருந்தால் பசைத் தடம். வெயிலில் காருக்குள் கிடந்திருந்தால் மேலே கொப்புளம். வாலுக்குப் பின்னால் நின்று இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரைக் கையால் சுற்றி, தண்டு கோணலா என்று கவனியுங்கள். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டச் சொல்லுங்கள். உள்ளே பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தால் நடுவில் துள்ளும். கூடவே தரும் லிபோவுக்கு மட்டும் பைசா கொடுக்காதீர்கள். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். நல்லது போலத் தெரிந்தாலும் புதுப் பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

பால்சாவில் காயம் எல்லாம் மரத்தின் மேல் ஒட்டிய பளபளக்கும் ஃபிலிமுக்கு அடியில். அதைவிட மோசம் எண்ணெய். கிளோ எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய்தான். பெரும்பாலும் எரியாமல் புகைக்குழாய் வழியே வெளியேறி விமானம் முழுக்கப் படியும். என்ஜினைத் தாங்கும் ஃபயர்வால் என்ற மரப்பலகைக்குள் அது ஊறிவிட்டால் மரம் பலவீனமாகும், எந்தப் பசையும் பிடிக்காது. எரிபொருள் டேங்கைக் கழற்றி, டார்ச் அடித்து, நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். விற்பவர் கழற்ற விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். என்ஜினும் இதே கதைதான். பறக்கவிட்டு முடித்ததும் எண்ணெய் விடாமல் வைத்தால், உள்ளே மிஞ்சிய எரிபொருளில் இருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுத்து பேரிங் துருப்பிடிக்கும். கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். புரொப்பெல்லரை மெல்லச் சுற்றும்போது நறநறத்தால் துருவாக இருக்கலாம். நறநறக்காவிட்டால் நல்லது என்றும் உறுதி இல்லை.

அப்புறம் எரிபொருள். தமிழ்நாட்டில் கள்ளச்சாராயச் சாவுகளின் பின்னணியில் இருப்பது மெத்தனால். உரிமம் இல்லாமல் வாங்கி வைக்க முடியாது. பேட்டரி சார்ஜ் போடுகிறவருக்கு அந்தத் தலைவலி இல்லை.

கிளோ என்ஜினில் பழகிய சீனியர் ஒருவர் கூட வந்து பார்த்துத் தருவார் என்றால் பால்சா பக்கம் தாராளமாகப் போகலாம். நன்றாகப் பராமரித்த என்ஜின் பல வருடம் உழைக்கும். மலிவாகக் கிடைத்தால் என்ஜினை எடுத்துவிட்டு மின் மோட்டார் பூட்டிக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அப்படி மாற்றியவை பறப்பதைப் பார்த்திருக்கிறேன், நானே செய்ததில்லை. ஆனால் அந்த மோட்டாரையும் அதே ஃபயர்வாலில்தான் பூட்டியாக வேண்டும்.