எங்கள் ஊர் குப்பை வண்டி: பிரித்துப் போடுகிற சிரமத்துக்குப் பலன் உண்டா?

காலையில் விசில் ஊதிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியைப் பற்றித்தான் இந்த விமர்சனம். காசு கொடுத்து வாங்காத சேவைக்கு விமர்சனம் எதற்கு என்று சிங்கப்பூரில் இருக்கும் மகன் கேட்டான். வீட்டு வரி கட்டுகிறோம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடுகிற வேலையும் என் தலையில்தான். கேட்க உரிமை உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம், காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் வருகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை போகிற பொருள் எதுவும் எங்கள் பக்கத்தில் குப்பைக்கு வராது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இடித்த வீட்டின் தேக்குக் கதவு, நிலை, பீங்கான் தூக்குச்சட்டி எல்லாம் விலைக்குக் கிடைக்கும். பேப்பர், அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், இரும்பு, அலுமினியம் எல்லாவற்றையும் மொபெட்டில் வரும் பழைய இரும்புக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார். பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்தால் வாங்குகிறார். அலுமினியத்தை உருக்கி மறுபடி செய்தால், தாதுவிலிருந்து புதிதாக எடுக்கச் செலவாகும் மின்சாரத்தில் 95 சதவீதம் வரை மிச்சம். அவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை, தராசு போதும். ஆகவே மறுசுழற்சியில் லாபமான பகுதிக்கு ஊராட்சி வண்டி வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. யாரும் வாங்காததை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வண்டிக்கு மதிப்பெண் போடவேண்டும்.

யாரும் வாங்காததில் முதலிடம் சமையற்கட்டுக் குப்பைக்கு. நம் வீடுகளில் எடைக்கு எடை பாதிக்கு மேல் இதுதான். மாடு இருந்த காலத்தில் கழுநீர்ப் பானையில் போய்விடும். இப்போது தெருவுக்கே ஒரு மாடுதான். இந்த விஷயத்தில் எங்கள் வண்டிக்குத் தாராளமாக நல்ல மார்க் போடலாம். ஊர்க் கோடியில் கூரை போட்ட கூடம் ஒன்று இருக்கிறது. தொட்டி தொட்டியாகப் பிரித்து, சாணிக் கரைசல் தெளித்து, கிளறி விடுகிறார்கள். இரண்டு மாதத்துக்குள் மண் வாசனையோடு கறுப்பாக உரம் வந்துவிடுகிறது. அதே காய்த்தோலைப் பிளாஸ்டிக்கோடு கட்டிக் குப்பைமேட்டில் போட்டால், அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயு கிளம்பும். குப்பைமேடு தீப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. ஈரம் சேராத மக்காத குப்பையைத்தான் கையால் பிரிக்க முடியும். சாம்பார் ஊற்றிய கவருக்குள் கைவிட்டுத் தேடுவது ஒரு பெண்ணின் வேலையாக இருக்கக் கூடாது. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைக் காவலர் என் வாளியைப் பார்த்து, “ஆச்சி, காபித் தூளும் கவரும் ஒண்ணாக் கிடக்கு, கொஞ்சம் பாத்துப் போடுங்க” என்று முகம் சுளிக்காமல் சொல்வார். அடுத்த வீட்டுக்கும் இதே பேச்சுதான், ஆள் பார்த்து மாறாது. எனக்குப் பிடித்தது அது.

மக்காததில் பெரிய தலைவலி சிப்ஸ் கவரும் பிஸ்கட் கவரும். பிளாஸ்டிக்கும் மெல்லிய உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுக்க வழியில்லை, இரும்புக்காரர் தொடமாட்டார். இந்த மாதிரிக் கவர்களைக் கட்டுக் கட்டாகச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பி, நிலக்கரிக்குப் பதில் சூளையில் எரிப்பது நாட்டில் பல இடங்களில் வழக்கம். அதற்கு மறுசுழற்சி என்று பெயர் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனால் சூளையின் வெப்பம் 1400 டிகிரியைத் தாண்டும். கொல்லையில் குவித்துத் தீ வைக்கிற என் பங்காளி வீட்டுப் புகையோடு அதை ஒன்றாகச் சேர்க்க முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கவரைப் பொடியாக வெட்டிச் சூடான ஜல்லி மீது தூவி, அது உருகி ஒட்டியபின் தார் சேர்த்துச் சாலை போடும் முறையைக் கொண்டுவந்தார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பக்கத்து மாவட்டத்து யோசனை. எங்கள் தெருக் குழிகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

வண்டி தோற்றுப்போவது முகூர்த்த நாளில். பூட்டிக் கிடக்கிற வீடெல்லாம் கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் திறக்கும்; வளவு என்கிற உள்முற்றம் நிறைய ஆட்கள். போன தை மாதம் எங்கள் வீட்டு விசேஷத்தில் வாழையிலைக்குக் கவலையில்லை, உரக் கூடத்துக்குப் போய்விட்டது. கைகழுவுகிற இடத்தில் வைத்த பேப்பர் கப்தான் சனியன். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு, அதனால் மக்காது. வெளியே காகிதம், அதனால் பிளாஸ்டிக்காரருக்கு வேண்டாம். தாம்பூலப் பை இன்னும் மோசம். துணி மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் நெய்யாத பாலிப்ரொப்பிலீன். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கும் தடைப் பட்டியலில் இந்தப் பூச்சுக் கப்பும் உண்டு, இந்தப் பையும் உண்டு. சமையல்காரரிடம் கேட்டால், “எல்லா வீட்லயும் இதுதான் ஆச்சி” என்கிறார். அன்றைக்கு வண்டி ஒரு நடைக்கு மேல் வரவில்லை. நான் பிரித்துக் கட்டிவைத்த மூட்டைகளை மறுநாள் ஒன்றாகவே டிராக்டரில் ஏற்றினார்கள். வயிறு எரிந்தது. கேட்டதற்கு இடமில்லை என்றார்கள். வீட்டுக்காரர்கள் பிரிக்கலாம், ஏற்றுகிறவர்கள் கலக்கலாம் என்றால் எப்படி?

ஆபத்தான குப்பைக்கான மூன்றாவது வாளிக்கும் வழியில்லை. காலாவதியான மாத்திரை, உடைந்த டியூப் லைட், ரிமோட் பேட்டரி எல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்போன சிக்ரி ஆய்வுக்கூடம் காரைக்குடியில் இருக்க, பழைய பேட்டரியைப் போட எங்கள் தெருவில் ஒரு டப்பா கிடையாது. நாப்கினைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், அது வரைக்கும் சரி.

ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். அதில் மூன்றும் மக்கும் குப்பைக்காகத்தான். அரை அந்தத் தூய்மைக் காவலரின் பொறுமைக்கு. மக்காத குப்பைக்கு, மூட்டைகளைக் கலக்காமல் ஏற்றுகிற அன்றைக்குப் பார்க்கலாம்.

விசேஷத்துக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு: எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுங்கள், கழுவ ஆள் கிடைக்கும். முதல் நாளே ஊராட்சியில் சொல்லி இன்னொரு நடைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். செடிக்கு உரம் வேண்டுமென்றால் கூடத்திலேயே விற்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பூட்டியிருக்கும்.