தலைக்கு மேல் டெஸ்ட்ராயர்: சைலன்ட் ஹன்டர் 3, 4, யூபோட் – எதில் ஒளிவது உண்மையான ஒளிதல்?

நீர்மூழ்கி விளையாட்டில் சரக்குக் கப்பலை அடிப்பது பாதி வேலைதான். டார்பிடோ வெடித்த சில நிமிடங்களில் பாதுகாப்புக்கு வந்த டெஸ்ட்ராயர் திரும்பும், அதன் சுழலிச் சத்தம் நம் மேலோட்டின் வழியாகவே கேட்கும். அப்போதுதான் அந்த விளையாட்டின் லட்சணம் தெரியும். நான் அதிக நேரம் செலவழித்த மூன்றை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: 2005இல் வந்த சைலன்ட் ஹன்டர் 3, 2007இல் வந்த சைலன்ட் ஹன்டர் 4, 2019இல் முன்கூட்டிய அணுகலாக (வேலை முடியும் முன்பே விற்பனைக்கு) வந்து 2024இல் முழுமையான யூபோட். கிராபிக்ஸ், விலை பற்றியெல்லாம் பேசப்போவதில்லை.

மூன்றிலும் ‘ஆழமாகப் போ’ என்பதுதான் முதல் உத்தரவு. ஆனால் ஆழம் என்றால் என்ன என்பதில் மூன்றும் மூன்று விதம்.

சைலன்ட் ஹன்டர் 3இல் ஆழம் என்றால் நேரம். இரண்டாம் உலகப்போர், அட்லான்டிக்கில் ஜெர்மன் ஏழாம் வகை நீர்மூழ்கிப் படகு, எதிரே சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக வரும் பிரிட்டிஷ் எஸ்கார்ட் கப்பல். பிரிட்டிஷாரின் வழக்கமான ஆழ்வெடி (முன்பே குறித்த ஆழத்தில் வெடிக்கும் குண்டு) விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில்தான் மூழ்கும். நீங்கள் 200 மீட்டரில் இருந்தால் அது உங்களிடம் வந்துசேர ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அந்த நேரத்தில் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்தால் 60 மீட்டர் சொச்சம்தான் நகர்வீர்கள். 7 நாட்டில் ஓடினால் 200 மீட்டருக்கு மேல். வெடி உங்கள் மேலோட்டை உடைக்க வேண்டுமென்றால் சில மீட்டருக்குள் வெடித்தாக வேண்டும். கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

எஸ்கார்டின் அஸ்டிக் கருவி (ஒலி அனுப்பி எதிரொலியால் தேடும் சோனார்) அனுப்பும் கதிர் முன்னோக்கிச் சாய்ந்து போவதால், கப்பல் நெருங்க நெருங்க நீங்கள் அதன் அடியில் நழுவிவிடுவீர்கள். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் மேலே இருப்பவன் உங்களைத் தவறவிடுவான். கடைசிச் சில நூறு மீட்டர் அவன் குருடன். வெடிகள் நீரில் விழும் ‘தொப்’ சத்தம் கேட்டதும் முழு வேகம், சுக்கானை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பு, முப்பது விநாடி ஓடு. வெடிப்பின் இரைச்சல் அடங்குவதற்குள் மறுபடியும் 2 நாட். கடல் கொந்தளிக்கும் அந்த நேரத்தில் அவனுடைய ஹைட்ரோபோனுக்கும் (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி) எதுவும் கேட்காது. இந்த ஓட்டமும் நிறுத்தமும் கைவந்துவிட்டால் 1940 வரைக்கும் கவலையில்லை.

புதிதாக விளையாடுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு, நானும் பல படகுகளை இதில் இழந்தேன். அவசர முழுக்கு உத்தரவு கொடுத்தால் படகு முழு வேகத்தில் கீழே பாயும். பாய்ந்து முடிந்த பிறகு வேகத்தைக் குறைக்க மறந்தால், ஆழத்தில் உட்கார்ந்து தவில் வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, ஆழத்தைக் கட்டுப்படுத்துவது? இங்கேதான் 3 கொஞ்சம் சலுகை காட்டுகிறது. ஆழமானியில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் போதும், மற்றதைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். அதைவிடப் பெரிய சலுகை, என்ஜினை நிறுத்திவிட்டு அதே ஆழத்தில் அசையாமல் தொங்கலாம். நிஜப் படகில் இது பொதுவாக நடக்காது. கடல்நீரின் உப்பும் வெப்பமும் இடத்துக்கு இடம் மாறும், படகின் எடையும் மாறிக்கொண்டே இருக்கும். படகை மேலும் கீழும் திருப்பும் கிடைச்சுக்கான் வேலை செய்ய அதன் மேல் நீர் ஓட வேண்டும், அதற்குக் கொஞ்சமாவது வேகம் வேண்டும். இந்தத் தொங்கலுக்கு ரசிகர்கள் ‘ஹம்மிங்பேர்ட்’ என்றே பெயர் வைத்து, நின்றால் படகு மெல்ல மூழ்கும்படி ஒரு மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் கோப்பு) செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு விளையாடுவதுதான் மரியாதை என்பது என் கட்சி.

மாட் இல்லாமலும் ஓர் இடத்தில் 3 தன் முழுத் திறமையைக் காட்டும்: படகில் ஓட்டை விழுந்த பிறகு. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. ஆழமானி ஒவ்வொரு மீட்டராக இறங்குகிறது. வேகம் கூட்டினால் ஆழம் நிற்கும், ஆனால் மேலே இருப்பவனுக்குக் கேட்கும். சத்தமே எழாத அமைதி ஓட்டத்திலேயே இருந்தால் பழுது பார்க்க முடியாது. இருபது வருடமாகியும் இந்த ஒரு முடிச்சுக்காகத்தான் அந்த விளையாட்டை நீக்காமல் வைத்திருக்கிறேன்.

சைலன்ட் ஹன்டர் 4 பசிபிக்குக்குப் போகிறது, படகுகள் அமெரிக்கர்களுடையவை. ஏழாம் வகையோடு பழகியவருக்கு முதல் அதிர்ச்சி எண்கள்தான். காட்டோ வகைப் படகின் சோதனை ஆழம் (பத்திரமாகப் போகலாம் என்று சோதித்த ஆழம்) 300 அடி, அதாவது 91 மீட்டர். பிறகு வந்த பலாவோ வகைக்கு 400 அடி. 200 மீட்டருக்குப் போய் வெடியை முந்தும் வித்தை இங்கே செல்லாது. அதற்குப் பதிலாக இந்த விளையாட்டு வெப்ப அடுக்கைக் கொடுக்கிறது. மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர், இரண்டும் சேரும் இடத்தில் ஒலி வளைந்துவிடும். அந்த அடுக்கைத் தாண்டியதும் ஆள் அறிவிப்பான். தாண்டிவிட்டால் சோனாருக்கு நீங்கள் மங்கலாகிவிடுவீர்கள். 4இல் ஆழம் என்றால் ஒரு கூரை. கூரைக்குக் கீழே போனாயா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

இது வரலாற்றோடு ஒத்துப்போகிறது, ஆனால் ஆட்டத்தை மெலிதாக்குகிறது. அடுக்குக்குக் கீழே போய் வேகத்தைக் குறைத்து, வாலைக் காட்டிக்கொண்டு விலகிப் போனால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஜப்பானிய எஸ்கார்ட்கள் அட்லான்டிக்கின் பிரிட்டிஷ்காரனைப் போல விடாக்கண்டர்கள் இல்லை. நிஜத்திலும் போரின் தொடக்கத்தில் ஜப்பானியர் ஆழ்வெடிகளைத் தேவையைவிடக் குறைந்த ஆழத்துக்கே வைத்தார்கள். அதை 1943இல் ஆண்ட்ரூ மே என்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பத்திரிகையாளர் கூட்டத்தில் உளறிவிட்டார். பசிபிக் நீர்மூழ்கிப் படையின் தளபதி லாக்வுட், அந்த உளறலால் 10 படகுகளும் 800 பேரும் போனதாகக் கணக்குச் சொன்னார். ஆக, 4இல் தப்புவது சுலபம் என்று திட்டுவதற்கு முன் சரித்திரத்தையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கும். இருந்தாலும் எனக்குக் கை வியர்ப்பது 3இல்தான்.

யூபோட் வேறு ரகம். மறுபடியும் ஏழாம் வகைப் படகு, அட்லான்டிக். ஆனால் இங்கே ஆழம் என்றால் செலவு. மேலே வர, நீர் நிரம்பிய மிதவைத் தொட்டிகளை ஊதினால் அழுத்தக் காற்று போகும். ஓடினால் பேட்டரி இறங்கும். காத்திருந்தால் உள்ளே கரியமில வாயு ஏறும். ஓட்டையை அடைக்க ஆளை அனுப்பினால் அவன் வேறு வேலையை விட்டுவிட்டு வருகிறான், பம்ப்பைப் போட்டால் சத்தம். டெஸ்ட்ராயர் சுற்றிச் சுற்றி வருவதே போதும், வெடி போடாமலேயே உங்களை ஏழையாக்கிவிடுவான்.

அதனால் யூபோட்டில் தந்திரத்தைவிடப் பொறுமை பெரிதாகிறது. 3இல் நான் வெடி விழும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருப்பேன். யூபோட்டில் என் கண் காற்றளவு முள்ளிலேயே இருக்கும். படகை வெட்டிப் பார்த்தது போல உள்ளே ஆட்கள் ஓடுவது தெரிவதால், டார்பிடோ அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது வெறும் எண்ணாக இல்லை. குறை என்றால், அத்தனை பேரையும் மேய்ப்பதில் மேலே இருப்பவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்பதையே சில சமயம் மறந்துவிடுகிறோம். பூனை எலி ஆட்டத்தில் பூனையைப் பார்க்க நேரமில்லை.

இன்னும் இரண்டைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். வுல்ஃப்பேக் என்பதில் நண்பர்கள் ஆளுக்கொரு இருக்கையில் உட்கார வேண்டும். ஆழம் பிடிப்பதே ஒருவரின் முழுநேர வேலை; அவர் அசந்தால் தோழமை முறியும். 2017இல் வந்த கோல்ட் வாட்டர்ஸ் பனிப்போர் அணுசக்தி நீர்மூழ்கி. அங்கே பயம் ஆழ்வெடியைப் பற்றியல்ல, தேடி வரும் டார்பிடோவைப் பற்றி. ஆழத்தின் அழுத்தத்தில் சுழலி, சத்தம் போடும் குமிழி விடாமல் இன்னும் வேகமாகச் சுற்றலாம் என்பதால், கீழே போவது ஒளிவதற்கு மட்டுமல்ல, ஓடுவதற்கும்தான். நல்ல விளையாட்டு, ஆனால் இந்தத் தராசில் ஏறாது.

எதில் தொடங்குவது என்று கேட்டால், 3. கணினி பழசாக இருந்தாலும் ஓடும். மாட் எதையும் போடாமல் 1939இல் ஆரம்பித்து மூன்று ரோந்து போய்வாருங்கள், எஸ்கார்ட்கள் அப்போது இன்னும் கற்றுக்குட்டிகள். அப்புறம் கிரே வுல்வ்ஸ் மாட் போடலாம். ஆட்களைக் காப்பாற்றுவதில் ருசி இருக்கிறவர் யூபோட் பக்கம் போகட்டும். ஆனால் எதிலும் 1943இல் ஆரம்பிக்காதீர்கள். அந்த வருடத்து எஸ்கார்டில் ஹெட்ஜ்ஹாக் என்ற குண்டுவீசி இருக்கும். 24 குண்டுகளை முன்னால் வீசுவான், பட்டால் மட்டுமே வெடிக்கும். குருட்டு நேரமும் கிடையாது, ஒளிந்து ஓட வெடி இரைச்சலும் கிடையாது.