அம்பாசடருக்கு இரும்பு ஃபேனா, பிளாஸ்டிக் ஃபேனா: நாலு கோடைக்குப் பிறகு

சித்திரை பிறந்தால் போதும், பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "ரேடியேட்டருக்குப் பின்னால சுத்துற இரும்பு ஃபேனைக் கழட்டிட்டு பிளாஸ்டிக் போட்டா எஞ்சின் சூடு குறையுமா?"

குறையாது. சென்னை ஆற்காடு சாலை நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள். வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்புக் கட்டி பாதிக் குழாய் அடைத்திருக்கும். அதன் பின்னால் எந்த ஃபேன் சுற்றினாலும் ஒன்றுதான். பெல்ட்டின் நீளமான பக்கத்தை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் பெல்ட் வழுக்கும், ஃபேனும் வாட்டர் பம்பும் சேர்ந்தே சோம்பும். சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஃபேனைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு.

என் அம்பாசடரில் இருப்பது 1489 சிசி எஞ்சின். நாலு இலை இரும்பு ஃபேன் இருந்த இடத்தில் ஏழு இலை நைலான் ஃபேன் நாலு கோடை ஓடியது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, முள் நிற்கும் இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் எதுவும் இல்லை. மாறியது சத்தம். இரும்பு ஃபேன் எஞ்சினோடு ஏறக்குறைய சமமாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் நொடிக்கு 50 சுற்று. நாலு இலையும் சேர்ந்து காற்றை நொடிக்கு 200 முறை அடிக்கும். ஈசிஆரில் 70-ஐத் தாண்டியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் கேட்கும் 'ஹோ' அதுதான். பிளாஸ்டிக் இலைக்கு இறக்கை மாதிரி வளைவு உண்டு, இலைகளுக்கு இடையிலான இடைவெளியும் ஒரே அளவாக இருக்காது. அது வார்ப்புப் பிழை என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. சத்தம் ஒரே சுருதியில் குவியாமல் சிதறட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். மாட்டிய அன்றே வண்டி பத்து வயது குறைந்தது போல ஆகிவிடும். இதை மட்டும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

எடையும் குறைவு, கையில் தூக்கினாலே தெரியும். வாட்டர் பம்ப் பேரிங்குக்கு அது நிம்மதி. சுற்று இரட்டித்தால் ஃபேன் தின்னும் சக்தி எட்டு மடங்காகும்; வளைந்த இலை அதில் கொஞ்சம் மிச்சப்படுத்துவதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் இலகுவாக ஓடுகிற மாதிரித் தோன்றும். மைலேஜில் அதைத் தேட வேண்டாம், கிடைக்காது.

இனி எரிச்சல். அது இலையில் இல்லை, நடுவில் நாலு போல்ட் போகும் ஹப்பில் இருக்கிறது.

நைலான் சூட்டில், அழுத்தத்தின் கீழ், மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். இன்று சரியாக முறுக்கிய போல்ட் இரண்டு மாதத்தில் தளர்ந்திருக்கும். மெக்கானிக் அதை இன்னும் கால் சுற்று முறுக்குவார். மறுபடி அமுங்கும், மறுபடி முறுக்குவார். நாலாவது முறை போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். வெளியிலிருந்து அது தெரியாது, வாஷர் மறைத்துக்கொள்ளும். ஒழுங்கான ஃபேனில் ஒவ்வொரு ஓட்டையிலும் ஸ்டீல் புஷ், அதாவது போல்ட் நுழையும் சின்னக் குழாய், வைத்து வார்த்திருப்பார்கள். போல்ட்டின் இறுக்கத்தைப் பிளாஸ்டிக் தாங்காமல் அந்த புஷ் தாங்கும். ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் 'அதே மாதிரி' என்று நீட்டப்படும் பலவற்றில் புஷ்ஷே இருக்காது. விலையைக் குறைக்க வேறு இடமா கிடைக்கவில்லை!

புஷ் இல்லாத ஃபேன்தான் கிடைத்தது என்றால் லேத்தில் கடைந்து போட்டுக்கொள்ளலாம். புஷ்ஷின் நீளம் ஹப்பின் கனத்துக்குச் சமமாக, அல்லது ஒரு காகித அளவு குறைவாக இருக்கட்டும். நீளம் கூடினால் ஃபேன் ஆடும், அதிகம் குறைந்தால் பழைய கதைதான். போல்ட்டுக்கு ஒரு வாஷர் என்று போடாமல் நாலு ஓட்டையும் சேர்ந்த 2 மி.மீ. ஸ்டீல் வளையம் ஒன்று முன்னால் போட்டால் அழுத்தம் பரவும். போல்ட் கால் அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவில் நெருக்கமான மரை), ஸ்பானர் 7/16 அங்குலம். பக்கத்தில் கிடக்கிறது என்று 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டைத் திணிக்க வேண்டாம், மரை போய்விடும். முறுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். பிளாஸ்டிக் ஹப் கனமானது, அதனால் நீளமான போல்ட் தேவைப்படும். மரைக்குள் 6 மி.மீ.க்குக் குறையாமல் போக வேண்டும். அதே சமயம் போல்ட் முனை பின்னால் நீட்டிக்கொண்டு பம்ப் பாடியை உரசக் கூடாது. கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இலையின் குழிந்த பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் பாதி கூட இழுக்காது. 'பிளாஸ்டிக் வேஸ்ட்' என்று திட்டுபவர்களில் சிலர் இப்படித் திருப்பி மாட்டியவர்கள். ரேடியேட்டருக்கும் இலைக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தளர்ந்த வண்டியில் பிரேக் அடித்தால் எஞ்சின் முன்னால் சாயும்.

வாங்கும்போது ஒரு சோதனை: புஷ் இல்லாத ஃபேனை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நைலான் மூழ்கும். மிதந்தால் அது மலிவான பாலிப்ரொப்பிலீன், எஞ்சின் பக்கம் வேண்டாம். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். நைலானுக்கும் ஆயுள் உண்டு. மேலே வெள்ளைப் பொடி படிந்தால், இலையை லேசாக வளைக்கும்போது 'நெறுக்' என்றால், பேட்டரி ஆசிட் தெறித்திருந்தால், அன்றே மாற்றிவிட வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் நான் நம்பமாட்டேன்.

இரும்பு மட்டும் யோக்கியமா? திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் காற்று வீசும் இடங்களில் ரிவெட்டுக்கு அடியில் துரு தின்னும். இலை ஹப்போடு சேரும் இடத்தில் விரிசல் விட்டு, ஓட்டத்தில் ஒரு இலை பிய்ந்தால் ரேடியேட்டரைக் கிழிக்கும், பானட்டைத் துளைத்துக்கொண்டும் வரும். அதனால்தான், எந்த ஃபேனாக இருந்தாலும், எஞ்சினை ரேஸ் செய்யும்போது அது சுற்றும் தளத்துக்கு நேராகப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. வளைந்த இலையை அடித்து நிமிர்த்துவதும் விரிசலை வெல்டிங் வைப்பதும் வேண்டவே வேண்டாம். ஆனால் இரும்பு சொல்லிவிட்டுத்தான் போகும். கழற்றித் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினால் நல்ல ஃபேன் மணி போல ஒலிக்கும், ரிவெட் தளர்ந்தது 'டொக்' என்னும். எடைச் சமநிலை கெட்டால் ஐடிலிங்கிலேயே அதிர்வு தெரியும்.

மழை விஷயத்தில் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் திட்டியே ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் தி.நகர் சுரங்கப்பாதைகளில் தேங்கும் தண்ணீரில் இறக்கினால், இலை காற்றுக்குப் பதில் தண்ணீரைத் தள்ளும். அந்த எதிர்விசையில் மெல்லிய இலை ரேடியேட்டர் பக்கமாக வளையும், 25 மி.மீ. இடைவெளி அப்போது பெரிய தூரமில்லை. இரும்பு அவ்வளவு வளையாது, ஆனால் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் மேல் தண்ணீரை வாரி இறைத்து வண்டியை நிறுத்திவிடும். பம்பருக்கு மேல் தண்ணீர் என்றால் இரண்டுமே தோல்வி, வந்த வழியே திரும்புங்கள்.

எலக்ட்ரிக் ஃபேன் போடலாமே என்பவர்களுக்கு ஒரு வரி: பழைய லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர்தான், ஐடிலிங்கில் அநேகமாக ஒன்றுமில்லை. ஃபேன் மிகவும் தேவைப்படும் நேரத்தில் பேட்டரியைத்தான் காலி செய்யும்.

ஆக சத்தம், எடை, பேரிங் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் ஜெயிக்கிறது. காரைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளையத்தைக் கழற்றி ஹப்பை லென்ஸ் வைத்துப் பார்ப்பவர், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். என் வண்டியில் இப்போது சுற்றுவது கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரிவெட் தட்டிப் பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்த இரும்பு. நைலான் ஃபேன் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பின்னால் துணி சுற்றிக் கிடக்கிறது. ஈசிஆரில் அந்த 'ஹோ' கேட்கும்போதெல்லாம் அதன் நினைப்பு வரும். புஷ்ஷோடு ஒழுங்காக வார்த்த ஒன்று யார் கடையிலாவது கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.