லீவுல ஊருக்கு வந்து செமன் டெஸ்ட் (விந்து பரிசோதனை) எடுக்கிறவங்களுக்கு – கிருஷ்ணகிரி, தருமபுரி அனுபவம்

நமக்கு குவைத்ல பேக்கரி வேலை, நாள் பூரா அடுப்பு பக்கத்துலயே நிக்கணும். குழந்தை இல்லன்னு ஒவ்வொரு லீவுக்கும் வீட்டுக்காரிக்குத்தான் ஸ்கேன், ரத்த டெஸ்ட், கோயில் எல்லாம், என்னை ஒருத்தரும் கேட்டதில்ல. "ஆம்பளைக்கு என்னடா கொற"ன்னு அத்தை வாயை அடைச்சுடுவாங்க. இந்த வாட்டி நானே கிளம்பிட்டேன்.

கிருஷ்ணகிரில ஒரு லேப், பேரு வேணாம். கடைசியா சேர்ந்து எத்தனை நாள் ஆச்சுன்னு கூட கேக்கல, ரெண்டுல இருந்து ஏழு நாள் கேப் இருக்கணும்ங்கிறது அடிப்படை. கையில டப்பாவ குடுத்து யூரின் குடுக்கிற அதே பாத்ரூமுக்கு அனுப்புனாங்க, தாழ்ப்பாள் பாதிதான் விழுது, வெளிய ஒரு பெரியவர் "ஆச்சா தம்பி"ன்னு தட்டிட்டே இருக்கார், இதுல என்னத்த வரும். எப்படியோ எடுத்து குடுத்தா டப்பா கவுண்டர்ல ஏசி காத்துல ரொம்ப நேரம் கெடக்குது. உடம்பு சூட்டுலயே வெச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள பாக்கணும், ஆறிப்போனா விந்தணு ஓட்டம் கொறையும். ரிப்போர்ட்ல மொட்டிலிட்டி, அதாவது அந்த ஓட்டம், லோன்னு போல்டா போட்டு குடுத்துட்டாங்க.

தருமபுரில ஒரு கிளினிக், சேலத்துல இருந்து வாரம் ஒரு தடவ ஆண்களுக்குன்னே ஒரு டாக்டர் வர்றார். அங்க தனி ரூம், உள்ளார பூட்டிக்கலாம், சாம்பிள நர்ஸ் கையோட வாங்கிட்டு போறாங்க. பழைய ரிப்போர்ட்ட ஓரமா வெச்சுட்டு முதல்ல நிக்க வெச்சு, இரும சொல்லி வெரிகோசீல் (விதைப்பையில ரத்தக்குழாய் வீங்கிக்கிறது) இருக்கான்னு கையால பாத்தார், இல்ல. புது ரிப்போர்ட்ல கவுண்ட் (அணு எண்ணிக்கை) ஓகே, ஓட்டம் மட்டும் கொஞ்சம் கம்மி. உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்ட கணக்குப்படி மில்லிக்கு 16 மில்லியன் அணு, ஓட்டம் 42 சதவீதம், இதுக்கு கீழ போனா கம்மின்னு எடுத்துக்குவாங்களாம், அதுவும் ஒரே ரிப்போர்ட்ட வெச்சு முடிவு பண்ண மாட்டாங்களாம்.

வேலைய பத்தி கேட்டதும் சிரிச்சுட்டார். விதைக்கு உடம்ப விட ரெண்டு மூணு டிகிரி கம்மி சூடு வேணும், அதுக்குத்தான் வெளிய தொங்குது, நீங்க அடுப்புல வாட்டுறீங்கன்னார். சிகரெட்ட நிறுத்துங்க, அடுப்புகிட்ட இருந்து வேற பக்கம் மாத்தி கேளுங்கன்னார். ஓட்டத்துக்கு மாத்திரை இருக்கான்னேன், ஆண்டி ஆக்ஸிடன்ட் எழுதுறோம், ஆனா குழந்தை தங்கும்னு உறுதியா சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு நேராவே சொல்லிட்டார், எனக்கு அந்த பதில்தான் பிடிச்சது. இன்னொன்னு, எங்க ரூம்ல ஜிம் பசங்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறாங்க, ஆம்பளத்தனம் கூடும்னு நெனப்பு, ஆனா அது அணு உற்பத்திய அமுக்கி கவுண்ட ஜீரோவுக்கே கொண்டு போயிடுமாம்!

அடுத்த கட்டம் ஐயூஐ, விந்த நேரா கருப்பைக்குள்ள செலுத்துறது. அதுக்கு முன்னாடி லேப்ல விந்த கழுவுறதுன்னா அணுவுக்கு தெம்பு ஏத்துறது இல்லையாம், நல்லா நீந்துறத மட்டும் பிரிச்சு எடுக்கிறது. அதுவும் போதலன்னா இக்ஸி, ஒரே ஒரு அணுவ ஊசில முட்டைக்குள்ள விடுறது.

லீவுக்குள்ள சரி பண்ணிடுங்கன்னு கேட்டேன். அணு ஒண்ணு உருவாகவே எழுபது நாளுக்கு மேல, வெளிய வர இன்னும் கொஞ்ச நாள், நீங்க இன்னிக்கு மாத்துனது மூணு மாசம் கழிச்சுத்தான் ரிப்போர்ட்ல தெரியும்னார். அடுத்த டெஸ்ட்ட குவைத்லயே எடுத்து வாட்ஸப்ல அனுப்பணுமாம், ஃபீஸ ஜிபே பண்ணிட்டா போதுமாம்.