லேடிஸ் சீட்டா, பகோடா பாயிண்டா? சேலத்துக்கு வருபவர்களை எங்கே கூட்டிப்போவது

சேலத்தில் குடியிருப்பவர்களுக்கு லீவு நாட்கள் நெருங்கினாலே போன் வரத் தொடங்கிவிடும். "இந்த வாரம் வர்றோம் மாமா, ஏற்காட்டுல எதெல்லாம் பார்க்கலாம்?" கேட்பவரிடம் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கும். ஏரி, அண்ணா பூங்கா, லேடிஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடியூர், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி, எல்லாம் ஒரே நாளில். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நின்று, போட்டோ எடுத்து, ஒரு தட்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். மலையைப் பார்த்ததாக ஆகாது.

நான் சொல்வது இதுதான். மலையில் காட்சி முனைகள் இரண்டு போதும். எந்த இரண்டு என்பதை, நீங்கள் மேலே இருக்கப்போகும் நேரத்தையும் அப்போது வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் வைத்து முடிவு செய்யுங்கள். மிச்சமுள்ள நேரத்தைச் சமவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் சில விசேஷமான இடங்களை ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய குறை.

லேடிஸ் சீட்டும் பகோடா பாயிண்டும்

இரண்டும் ஒரே மலையில், ஒன்றிலிருந்து ஒன்று சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பார்ப்பது வேறு வேறு திசை. லேடிஸ் சீட் தெற்கும் மேற்குமாகத் திறந்திருக்கிறது. கீழே சேலம் நகரம் முழுவதும் விரிந்து கிடக்கும். நீங்கள் ஏறி வந்த மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குவதும் தெரியும். அடிவாரத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. ஏறும்போது குழந்தைகளை எண்ணச் சொன்னால் வாந்தி நினைப்பு கொஞ்சம் மறக்கும். நகரத்துக்கு வடமேற்கே மலையடியில் வெள்ளை வெளேரென்று திட்டுத் திட்டாகத் தெரிவது மேக்னசைட் சுரங்கங்கள். வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் கல் அது. அதற்கும் தெற்கே தனியாக நிற்பது கஞ்சமலை, அதன் அடியில் சேலம் உருக்காலை. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே வெகு தூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். லேடிஸ் சீட்டில் இருக்கும் தொலைநோக்கிக் கோபுரம் அதற்காகத்தான்.

பகோடா பாயிண்ட் கிழக்கே பார்க்கிறது. அங்கே நகரமே தெரியாது. ஆழமான பள்ளத்தாக்கும் அதன் அடியில் காக்கம்பாடி கிராமமும், அடுக்கடுக்காக மலைகளும்தான். கல்லின்மேல் கல்லாக அடுக்கிய குவியல்களைப் பார்த்துத்தான் பகோடா என்று பெயர் வைத்தார்கள். பிரமிட் பாயிண்ட் என்றும் சொல்வதுண்டு. மலைவாழ் மக்கள் அடுக்கியவை என்கிறார்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு ராமர் கோயில். கூட்டம் வருவதற்கு முன்பு பாறை ஓரத்தில் சும்மா உட்கார்ந்தால் கீழே கிராமத்தில் சேவல் கூவுவதும் யாரோ யாரையோ கூப்பிடுவதும் மேலே வரை கேட்கும். வீடுகள் தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும், சத்தம் மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல இருக்கும். லேடிஸ் சீட்டில் இது கிடைக்காது. அங்கே எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

அப்படியானால் பகோடாதான் மேல் என்று சொல்லிவிடலாமா? நேரத்தைப் பொறுத்தது. சூரிய உதயத்துக்குப் பகோடாவை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம். ஆனால் எட்டு, ஒன்பது மணிக்கு அங்கே போனால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பள்ளத்தாக்கு முழுக்க மங்கலாகத் தெரியும், போட்டோவில் ஆட்கள் கறுப்பாக விழுவார்கள். அதே ஒன்பது மணிக்கு லேடிஸ் சீட்டில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். சேலத்தின் தெருக்களும் ரயில் பாதையும்கூடத் துலக்கமாகத் தெரிவது அப்போதுதான். மேட்டூரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த நேரத்தில் போக வேண்டும், அதுவும் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள். ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் சமவெளி முழுக்கப் புகைமூட்டமாகக் கிடக்கும், தொலைநோக்கியில் காசு போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

மாலையில் நிலைமை தலைகீழ். மூன்றரை, நான்கு மணிக்குப் பகோடாவுக்குப் போனால் வெயில் உங்களுக்குப் பின்னாலிருந்து எதிர்மலைகள் மேல் விழும். மலை மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நம் மலையின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராமத்தை மூடுவதையும் பார்க்கலாம். அங்கிருந்து கிளம்பி ஆறு மணிக்குள் லேடிஸ் சீட் வந்துவிட்டால் சூரியன் மறைவதும், அப்புறம் சேலத்தில் விளக்குகள் ஒவ்வொரு பேட்டையாக எரியத் தொடங்குவதும் கிடைக்கும். ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மாலையில் லேடிஸ் சீட், விடியலில் பகோடா. அன்றைக்கே திரும்புகிறவர்கள் இருட்டும்வரை லேடிஸ் சீட்டில் நிற்க வேண்டாம். பனிமூட்டத்தில் அந்த 20 வளைவுகளையும் பழக்கமில்லாதவர் ராத்திரியில் ஓட்டக் கூடாது, பைக்கில் குடும்பத்தோடு வந்தவர்கள் கட்டாயம் கூடாது.

ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் இரண்டும் லேடிஸ் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கிட்டத்தட்ட அதே காட்சிதான். லேடிஸ் சீட்டில் நிற்க இடமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜென்ட்ஸ் சீட்டுக்கு நகர்ந்துகொள்வது நல்லது.

சேர்வராயன் கோயிலா, கரடியூரா?

இது எனக்குச் சுலபமான போட்டி. கரடியூர் காட்சி முனையில் கூட்டம் குறைவு, பள்ளத்தாக்கும் அழகு. ஆனால் பகோடாவைப் பார்த்துவிட்டவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. சேர்வராயன் கோயில் அப்படியில்லை. 5,326 அடி உயரத்தில், மலையின் உச்சியில், மரமே இல்லாத பரந்த புல்வெளி. ஏற்காட்டில் எங்கே பார்த்தாலும் சில்வர் ஓக்கும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், கீழே காப்பிச் செடியுமாக நிழலாகவே இருக்கும். அந்த நிழலிலிருந்து வெளியே வந்து திடீரென்று காற்று முகத்தில் அறையும் இடம் இது ஒன்றுதான்.

கோயில் ஒரு குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குகை உள்ளே போய்க் காவிரி பிறக்கும் இடம்வரை நீள்கிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. இந்த மலைக்கே பெயர் கொடுத்த சாமி இவர். மே மாதத் திருவிழாவில் சுற்றுவட்டார மலைக்கிராமங்கள் அத்தனையும் இங்கே திரளும். அந்த நேரத்தில் போனால் காட்சியைப் பார்க்க முடியாது, மக்களைப் பார்க்கலாம். எனக்கு அதுவும் சம்மதம்தான்.

மலையில் வேடிக்கையான இடம் எது என்று கேட்டால் மணிப்பாறையைச் சொல்வேன். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டத்தில் இருக்கிறது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை. குழந்தைகள் அதை விட்டு நகர மாட்டார்கள், பெரியவர்களும் யாரும் பார்க்காதபோது ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகிறார்கள். அதே தோட்டத்தில் ஆர்க்கிட் தொகுப்பும், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியும் உண்டு. அண்ணா பூங்காவுக்கும் இதற்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கோடை விழா மலர்க்காட்சி நடக்கும் மே மாதம் தவிர மற்ற எல்லா மாதமும் இந்தத் தோட்டம்தான். கரடிக் குகை தேடி அலைவதை விட்டுவிடலாம், குழந்தைகளோடு இறங்குவது சிரமம்.

சமவெளியில் பார்க்க வேண்டியவை

இப்போது கீழே இறங்குவோம். சேலத்தைச் சுற்றி விசித்திரமான இடம் என்று வெளியூர்க்காரர்கள் இப்போது முதலில் கேட்பது முத்துமலை முருகன். ஆத்தூர் சாலையில் வாழப்பாடி தாண்டி, புத்திரகவுண்டன்பாளையத்தில் இருக்கிறது. 146 அடி உயரம், மலேசியாவின் பத்துமலை முருகனை விட 6 அடி அதிகம். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் நடந்தது. அடுத்தது அரியானூரில் மலைச்சரிவில் இருக்கும் 1008 சிவலிங்கம் கோயில், கோவை போகும் சாலையில் இருக்கிறது. இரண்டுக்கும் கூட்டம் நிறைய வருகிறது. லிங்கங்களைச் சுற்றி வர வெறுங்காலோடு நடக்க வேண்டும், அதனால் காலை எட்டரை மணிக்குள் முடித்துவிடுவது பாதங்களுக்கு நல்லது. முத்துமலையைச் சென்னை போகிற வழியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கச் சொல்ல மாட்டேன்.

தனியாக அரை நாள் ஒதுக்க வேண்டியது தாரமங்கலத்துக்கு. அங்குள்ள கைலாசநாதர் கோயிலை இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டினார்கள். கல் சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. பற்களுக்கு நடுவே விரலை விட்டுத் தள்ளினால் உருளும், வெளியே எடுக்க முடியாது. வாயைச் செதுக்கும்போதே உள்ளே இருந்த கல்லை உருண்டையாக்கி விட்டிருக்கிறார்கள். அப்புறம் அந்த ராமர் தூண். வாலியும் சுக்ரீவனும் சண்டையிடும் தூண் ஒன்று, சற்றுத் தள்ளி ராமர் நிற்கும் தூண் இன்னொன்று. ராமர் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி பக்கத்தில் நின்று பார்த்தால் ராமர் தெரியமாட்டார். மறைந்து நின்று அம்பெய்த கதையைச் சிற்பி தூண்களின் இடைவெளியிலேயே சொல்லிவிட்டார். கூட வந்த பிள்ளைகளை ஒருவரை அங்கும் ஒருவரை இங்குமாக நிற்கவைத்துப் பாருங்கள், ராமாயணம் அவர்களுக்கு மறக்காது. தலையை உயர்த்தினால் விதானத்தில் கல் தாமரையும் அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளும் இருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

காலையில் தாரமங்கலம் போனவர்கள் அப்படியே மேட்டூர் போய்விடலாம். லேடிஸ் சீட்டில் கோடாகத் தெரிந்த தண்ணீர் நேரில் என்ன என்பது அப்போதுதான் புரியும். 1934-இல் கட்டி முடித்த அணை, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு 16 கண் மதகைத் திறந்திருக்கும் நாளாக அமைந்துவிட்டால் அதற்கு ஈடாக ஏற்காட்டில் எந்தக் காட்சி முனையும் கிடையாது. திறக்காத நாளிலும் பொரித்த மீன் உண்டு.

நகரத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு இடம் கோட்டைப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன். காலங்காலமாக முனியப்பனாகக் கும்பிட்டு வந்த அந்தச் சிலை புத்தர் சிலை என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொன்னது. தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள்முடி என்று அடையாளங்களைப் பட்டியலிட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பெரிய கோபுரமோ பிரகாரமோ எதிர்பார்த்துப் போகக் கூடாது. சேலத்தின் பழைய வரலாறு எவ்வளவு ஆழம் என்று நினைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் போக வேண்டிய இடம். பக்தியோடு வருகிறவர்கள் மனம் நோகாமல் பேசுவது முக்கியம்.

மலை ஏறவே முடியாத வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குக் கூட்டிப்போங்கள். சேர்வராயன் மலையில் விழும் மழை வந்து சேரும் ஏரி அது. 2010 வாக்கில் ஊர்மக்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. ஏற்காட்டிலிருந்து சேலத்தைப் பார்ப்பது ஒரு அழகு என்றால், மாலை ஐந்து மணிக்கு இந்தக் கரையிலிருந்து ஏற்காடு மலையைப் பார்ப்பதும் அதற்குக் குறைந்ததல்ல. குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலான கந்தாஸ்ரமத்திலிருந்தும் ஊரைப் பார்க்கலாம், ஆனால் படி ஏற வேண்டும்.

சாப்பாட்டிலும் இந்தப் போட்டி உண்டு. பகோடா பாயிண்டில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, குளிருக்கு அது இதம். ஆனால் சேலத்துக்கே உரியது தட்டுவடை செட். ஒரு தட்டுவடைமேல் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி நீட்டுவார்கள். வாங்கிய உடனே வாயில் போட வேண்டும், பார்சல் கட்டினால் நமத்துவிடும். மலையிலிருந்து இறங்கிய பசிக்கு செவ்வாய்பேட்டை, அரிசிபாளையம் பக்கத் தள்ளுவண்டிகளில் நிற்பது உத்தமம்.

கிளியூர் அருவியை மேலே எந்தப் போட்டியிலும் சேர்க்கவில்லை. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அருவியாக விழுகிறது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் செங்குத்தான படிகளை இறங்கி ஈரப் பாறையைப் பார்த்துவிட்டு ஏற வேண்டியிருக்கும். ஏரிக்கரைக் கடையில் "தண்ணி வழியுதாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள்.