பழைய கேபிளுக்கு ஜாயிண்ட் போடுவதா, புதுசு இறக்குவதா?

எங்கள் தோட்டத்து போர்வெல் 850 அடி. போன கோடையில் மட்டும் மூன்று தடவை கேபிள் எர்த் அடித்தது. மூன்றாவது தடவை கப்பி கட்டி மோட்டாரை எடுத்தபோது, பழைய ஜாயிண்ட்டுக்கு அரையடி கீழே உறை உப்பி, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. "இதையும் சுத்தி இறக்கிடலாமுங்க" என்றார் மோட்டார்காரர். கேட்காமல் மொத்தக் கேபிளையும் மாற்றினேன். நாட்டுக்கு நாடு கடலடியில் போட்டிருக்கும் வயசான மின்கேபிள்களிலும் என் கட்சி அதுதான்: புதுசு.

ஜாயிண்ட்டின் லாபம் தெரிந்ததே. கைச்செலவு கம்மி, வழித்தட அனுமதிக்கு அலைய வேண்டாம்.

ஆனால் போர்வெல்லில் ஒரு இடம் போனால் ஒரு ஜாயிண்ட். கடலில் இரண்டு. தரையோடு படுத்திருக்கும் கேபிள் கப்பல் தளம்வரை எட்டாது; அதனால் வெட்டிய இரு முனைகளுக்கு நடுவே புதுத் துண்டு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பழுதும் இரண்டு பலவீனமான இடங்களை விட்டுவிட்டுத்தான் போகும். அதற்கான கப்பல்களும் கொஞ்சம்தான், அவை வந்தாலும் கடல் அடங்க வேண்டும். பின்லாந்து–எஸ்டோனியா இடையிலான எஸ்ட்லிங்க் 2, 650 மெகாவாட், 2024 டிசம்பர் 25 அன்று அறுந்தது. திரும்ப ஓடியது 2025 ஜூனில். அது 2014-இல் போட்ட இளங்கேபிள்! தளர்ந்துபோன கேபிளில் இதையே அடிக்கடி செய்வதை நினைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்து–பிரான்ஸ் 1961-இல் போட்ட 160 மெகாவாட் கேபிள் கடல்தரையில் சும்மா கிடந்தது. நங்கூரமும் மீன்வலையும் அதை விடவில்லை. 1986-இல் 2000 மெகாவாட்டுக்குப் புதுசு போட்டபோது பள்ளம் பறித்துப் புதைத்தார்கள். பழையதை ஒட்டிக்கொண்டே இருந்தால் இந்த வாய்ப்பு வராது. உயர் அழுத்தக் கோபுரம் வேண்டாம், ரோட்டோரம் புதையுங்கள் என்று வயலில் இறங்கிப் போராடிய நம் பக்கத்து விவசாயிகளுக்குப் புதைப்பதன் அருமை தெரியும்.

நார்வே–டென்மார்க் இடையிலான ஸ்கேகராக் 1, 2 கடல்கேபிள்களுக்கு ஐம்பது வயது ஆகிறது. புதுப்பிக்கவே வேண்டாம் என்றும் நார்வேயில் பேசுகிறார்கள். அது கரண்ட் வெளியே போனால் உள்ளூரில் விலை ஏறும் என்ற சண்டை, கேபிள் சண்டை அல்ல.

புதுசிலும் எது? எண்ணெய் ஊறிய காகித உறையா, பிளாஸ்டிக் உறையா? இந்தக் கேபிள்களில் ஓடுவது நேர்மின்சாரம் (டிசி); அதை ஏசியாகவும் ஏசியை அதுவாகவும் மாற்ற இரு கரையிலும் கன்வெர்ட்டர் இருக்கும். மின்சாரத்தை எதிர்ப்பக்கம் அனுப்ப, பழைய வகை கன்வெர்ட்டரில் மின்னழுத்தத்தின் பிளஸ்-மைனஸையே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் உறைக்கு அது ஆகாது. நம் புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் லைனில் உள்ள புதுவகை கன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை, இழப்பு மட்டும் சற்று அதிகம். நான் பிளாஸ்டிக் பக்கம் சாய்கிறேன். ஆனால் கடலில் ஐம்பது வருஷம் தாங்கியதற்குக் காகிதத்துக்கு ஸ்கேகராக் சாட்சி இருக்கிறது. நேர்மின்சாரத்துக்கு 1990-களின் கடைசியில் வந்த பிளாஸ்டிக் உறைக்கு இன்னும் அந்த வயசு ஆகவில்லை.