குதிரைக்கு மயக்க ஊசி போட வந்த டாக்டர், 5க்கு 4 ஸ்டார்

நம்ம கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் சைடுல குதிரை வச்சிருக்கவங்க கொஞ்ச பேர்தான், அவங்களுக்காக இத எழுதுறேன். எங்க பொட்டைக் குதிரை ராசாத்திக்கு கடவாப்பல்லு ஓரமெல்லாம் கூர் ஏறிப்போய் கொள்ள மென்னு மென்னு பாதிய கீழயே துப்பிட்டு இருந்துச்சு. அரம் வச்சு ராவணும், மயக்க ஊசி இல்லாம அது வாய்க்குள்ள எவனும் கைய விட முடியாது.

போன வருஷம் ஒருத்தர் வந்தாரு, பேரு வேணாம். சித்திரை மாசம், உச்சி வெயிலு, தகரக் கொட்டாய். ஊசிய போட்டாரு, ராவுனாரு, காச வாங்கிட்டு கிளம்பிட்டாரு. அதுக்கப்புறம் குதிரைக்கு வேர்த்து ஊத்துது, மூச்சு இரைக்குது, நிழலுக்கு நகரக்கூட அதுக்குத் தெம்பில்ல, நானும் மச்சானும் குடம் குடமா தண்ணிய ஊத்திட்டே இருந்தோம்.

இந்தத் தடவை ராமநாதபுரத்துல இருந்து வந்த டாக்டரு ஃபோன்லயே சொல்லிட்டாரு, "தம்பி, வைகாசி வெயில்ல பகல்ல வரமாட்டேன், விடியக்காலம் அஞ்சரைக்கு ரெடியா இருங்க". வந்ததும் ஊசிய எடுக்கல, தெர்மாமீட்டரத்தான் எடுத்தாரு. 39.2 டிகிரி செல்சியஸ். முந்துன நாள் ராத்திரி கல்யாண ஊர்வலம் முடிஞ்சு வண்டில ஏத்திட்டு வந்திருந்தோம். 37.5ல இருந்து 38.5 வரைக்கும்தான் நார்மலாம், காய்ச்சலோட இருக்குற குதிரைக்கு சைலசின்ங்கிற மயக்க மருந்தப் போட்டா மூச்சு தாறுமாறா எகிறும்னு சொல்லிட்டு பெட்ரோலுக்கு மட்டும் காசு வாங்கிட்டுப் போயிட்டாரு. அங்கதான் மனுஷன் மேல எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.

மூணு நாள் கழிச்சு வந்து போட்டாரு. ஊசி ஏறுற அஞ்சு நிமிஷம் யாரும் பேசக்கூடாதுன்னுட்டாரு, மிரண்டா மருந்து சரியா பிடிக்காதாம். கீழ் உதடு தொங்கி, தலை முட்டிக்கு இறங்கி, குடிகாரன் மாதிரி கால அகட்டி நின்னுச்சு. அப்பவும் பின்னாடி போகாதீங்க, தூங்குற மாதிரி இருந்தாலும் உதைக்கும்னாரு. மயக்கத்துல உடம்பு சூட்ட தானா சரி பண்ணிக்க முடியாது, அதுவும் நம்ம கடலோரப் புழுக்கத்துல வேர்வை காயவே காயாது, அதான் காலைலயே வரச் சொன்னதுன்னாரு. தெளியிற வரைக்கும் புல்லு கொடுக்கக்கூடாது, தொண்டைல அடைச்சுக்கும். ஒண்ணுக்கு நிறைய போகும், அதனால தெளிஞ்சதும் தண்ணி தாராளமா வைக்கணும்.

அப்புறம் கார்த்திகை மழைல கால்ல கம்பி கிழிச்சு தையல் போட வந்தப்ப இதே டாக்டரு கம்பளி கேட்டாரு. நம்மூர்ல என்ன சார் குளிருன்னு சிரிச்சேன். நனஞ்ச உடம்பு, வாடைக் காத்து, மயக்கம் மூணும் சேந்து குதிரை வெடவெடன்னு நடுங்குனப்பதான் புரிஞ்சுச்சு. பாண்டிய ராசாக்கள் கப்பல்ல இறக்குன குதிரைல வருஷக் கடைசில நூறுகூட மிஞ்சாது, இங்க பராமரிக்கத் தெரியலன்னு மார்க்கோ போலோ எழுதி வச்சது சும்மாவா!

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்தி, பகல்ல ஃபோன எடுக்கவே மாட்டாரு. ராத்திரி எட்டுக்கு மேல அடிங்க.